ஓரத்து ரப்பர்

அப்பா ஜவுளிக்கடைக்காரர். பெற்ற மகனோடும் பேரம்தான் பேசினார். "ஒரு சீசன் தரேன். தேசியப் பட்டம் வாங்கினா நீ பாட்டுக்கு ரேஸ் கார் ஓட்டிக்கோ. இல்லேன்னா ஹெல்மெட்டைக் கழட்டி வெச்சிட்டு கல்லாவுல வந்து உக்காரு." மகன் சரி என்று கையை நீட்டினான். அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த சீசன் படுத்திய பாடு கொஞ்சமில்லை. முதல் பந்தயத்தில் இன்ஜின் புகைந்தது. அடுத்ததில் ஜெயித்தான். பிறகு மழை; கார் வழுக்கிப் போய்ச் சேற்றில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. எப்படியோ விழுந்து எழுந்து கடைசிப் பந்தயத்துக்கு வந்தபோது அவனும் இன்னொரு பணக்கார வீட்டுப் பிள்ளையும் புள்ளியில் சமம். அந்தப் பிள்ளையை எல்லோரும் மைனர் என்பார்கள். யார் முன்னால் வருகிறானோ அவனுக்குப் பட்டம்.

மைனரின் கார் புத்தம் புதிது. இவன் காரில் புதிதாக இருந்தது பெயின்ட் மட்டும்தான். இவன் அணியை நடத்தியவள் சொந்த அக்காதான். அவள் பந்தயத்தன்று காலையில் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"மாமா, அந்த ஈயத் தகட்டையும் எடுத்துடுங்க."

மாமா என்பது அம்மாவின் தம்பி, அணியின் மெக்கானிக். அவர் கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது. பந்தயம் முடிந்ததும் காரையும் ஓட்டியவனையும் சேர்த்து எடை போடுவார்கள். விதித்த எடைக்குக் கீழே போனால் ஜெயித்தது ஜெயித்ததில்லை. அதற்குக் காவலாகத்தான் அந்தத் தகடு.

"வேணாம் பாப்பா. டயர் தேயும், பெட்ரோல் தீரும். இவன் வேற குடம் குடமா வேர்ப்பான்."

"தெரியும். திரும்பி வரும்போது ஓரத்து ரப்பரை அள்ளிட்டு வருவான். எப்பவும் அள்ளறவன்தானே?"

டயர்களிலிருந்து உதிரும் ரப்பர்த் துணுக்குகள் பாதையின் ஓரங்களில் ஒதுங்கிக் கிடக்கும். முடிவுக் கொடி அசைந்த பிறகு மெதுவாகத் திரும்பி வரும் அந்த ஒரு சுற்றில், ஓட்டுபவர்கள் ஓரமாகவே உருட்டி வருவார்கள். சூட்டில் இளகிய டயரில் துணுக்குகள் அப்பிக்கொள்ளும், எடை ஏறும். எல்லா அணிகளும் செய்கிற வேலைதான். ஆனால் அதையே முதலாக வைத்து வியாபாரம் செய்தவள் அக்கா ஒருத்திதான்.

தகடு போனதில் கார் பறந்தது. மைனர் கடைசி வரை முதுகில் மூச்சு விட்டுக்கொண்டே வந்தான். தம்பி வழி விடவில்லை. அரைக் கார் நீளத்தில் பட்டம்! மாமா அழுதார். அக்கா அழவில்லை, பின்பக்க வேலிக்கு ஓடினாள்; ஜெயித்த குஷியில் ரப்பரை மறந்துவிடுவானோ என்று பயம். பந்தயப் பாதை வளைந்து கொட்டகைக்குப் பின்னால் வேலியோரம் வரும் இடம் அது. இந்தப் பந்தயங்களில் ஓட்டுபவனோடு பேச ரேடியோ கிடையாது. கை காட்டினால்தான் உண்டு.

வேலியைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். ஒரு பந்தயத்துக்கும் வராத மனிதர்.

"நீங்க எப்பப்பா வந்தீங்க?"

"பேரம் முடியற அன்னிக்குக் கடைக்காரன் வராம இருப்பானா?"

தம்பி வந்துகொண்டிருந்தான், பாதையின் நட்டநடுவில், துடைத்து வைத்தது போன்ற சுத்தமான தாரில்.

"ஓரம்! ஓரமா போடா!" அக்கா இரண்டு கையையும் பக்கவாட்டில் வீசினாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஓரமா போகச் சொல்லுங்கப்பா! ரப்பர் ஒட்டலேன்னா எல்லாம் போச்சு!"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் முகம் மட்டும் புரிந்தது. தோளில் கிடந்த துண்டை உருவிச் சுழற்று சுழற்று என்று சுழற்றினார். உள்ளே இருந்தவனுக்கு என்ன தெரிந்தது? தனக்காக அப்பா துண்டு சுற்றுகிறார், இந்த ஜென்மத்தில் முதல் தடவையாக. அவன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். நடுப்பாதையிலேயே போய்விட்டான்.

எடை மேடையில் அரைக் கிலோ குறைந்தது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் அதே அரைக் கிலோ.

"ஐயா, நானும் முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன்," என்றார் அப்பா, எடை போட்ட அதிகாரியிடம். "இப்படி ஈவு இரக்கமில்லாத தராசை நான் பார்த்ததில்ல. கொசுறுன்னு ஒண்ணு கிடையாதா?"

"எனக்கும் கஷ்டமாத்தாங்க இருக்கு. பட்டம் அடுத்த காருக்குத்தான்."

அக்கா அப்பாவின் கையைப் பிடித்தாள். "தப்பு என்னுது. தகட்டை எடுக்கச் சொன்னது நான். கல்லாவுல நான் உக்காந்துக்கறேன்பா. அவன் ஓட்டட்டும்."

அப்பா தராசைப் பார்த்தார். துண்டு இன்னும் கையில்தான் இருந்தது. "பேரம் பேசினது அவன்கூட. முடிஞ்ச பிறகு சரக்கை மாத்தி வெக்கிறது நம்ம கடையில இல்ல." குரல் கடைசியில் உடைந்தது, வார்த்தை உடையவில்லை.

பின்னால் மைனரின் கார் காத்து நின்றது, நாலு டயரிலும் கறுப்புத் துணுக்கு அப்பிக்கொண்டு. "கொஞ்சம் நகருங்க சார்," என்றான் அவனுடைய மெக்கானிக், மரியாதையாகவே.

காரை விட்டு இறங்குவதற்காகத் தம்பி ஸ்டியரிங்கைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தான். கையை ஊன்றி மெல்ல வெளியே எழுந்தான்.

"அக்கா, அடுத்த வருஷம் இதுல யாரை உக்கார வெக்கப் போற?"

"எறங்குடா முதல்ல," என்றாள் அவள்.