வாசல் வரைக்கும் பாதிக் குடம்

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதாம். நான் சொல்கிறேன்: மொக்கையன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில், நான் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த மனிதர், "அழகுமலை மகளக் கேட்டிருக்கேன். கட்டிக்கிட்டு வந்தா ஒனக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றார். ஒத்தாசையாம்! என் அடுப்படியில் இன்னொருத்தி தாலியோடு வந்து நிற்பதற்குப் பெயர் ஒத்தாசை.

எனக்கு மூன்று நோய். நீரிழிவு, மூச்சிழுப்பு, முட்டி வீக்கம். ஒன்றுக்கு மருந்து தின்றால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். "ஆவணி வரைக்கும் பொறுங்க மாமா, எந்திரிச்சுக்கிறேன்" என்று கெஞ்சினேன். சரி என்றார்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வண்டி பிடித்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே நர்ஸம்மா சோலையம்மாள் ஒளிக்காமல் சொன்னார். "மூணும் போகாதும்மா. கூட வச்சுக்கிட்டுப் பொழைக்கத்தான் பழகணும். குடத்த ரொப்பாத, பாதி மொண்டு ரெண்டு நடை போ. மூச்சு வாங்கின பெறகு உக்காராத, வாங்குறதுக்கு முன்னாடியே உக்காரு."

அப்படியே செய்தேன். கிணற்றடியில் என் ஓரகத்தி ஜெயக்கொடி, "குறைகுடம் கூத்தாடுதுடி!" என்று ஊர் கேட்கச் சிரித்தாள்.

"ஆடட்டும்க்கா, ஒந்தலையிலயா ஆடுது?" என்றேன். ஆனாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது. குறைகுடம் வீட்டுக்கு ஆகாது என்பார் என் வீட்டுக்காரரும். அதனால் வாசலுக்கு வெளியே இன்னொரு குடம் வைத்தேன். இரண்டு பாதியையும் அதில் ஊற்றி, பத்தே எட்டு வைத்து நிறைகுடமாய் உள்ளே கொண்டுபோவேன். அவர் கண்டதெல்லாம் அந்தப் பத்து எட்டுத்தான்.

ஆவணி பிறந்தது. சாப்பிட்டு எழுந்தவர், "அழகுமலைகிட்ட வேணாம்னுட்டேன். நெறகுடந் தூக்குற, ஒனக்குத்தான் சொகமாயிருச்சே" என்றார்.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்கு நடவு. பன்னெண்டு ஆளு. சமைக்க ஆள் வேணாம்னு சொல்லிட்டேன், நீயே ஆக்கிரு."

"மாமா, நோயி இன்னும் போகல..."

கை கழுவப் போனவர் நின்றார். "போகலையா? அப்ப அவசரப்பட்டுட்டேனா? அந்தப் புள்ளய இன்னும் யாருக்கும் குடுக்கலையே."

எனக்கு மூச்சு முட்டியது. உட்காரவேண்டும் போலிருந்தது. உட்காரவில்லை.

"சும்மா சொன்னேன் மாமா, எல்லாம் போயிருச்சு" என்று சிரித்தேன். "பன்னெண்டு ஆளுக்கு எம்புட்டு அரிசி போடட்டும்?"