ஒன்றாம் வகுப்பு – ஆடு

எங்கள் பள்ளித் தலைமையாசிரியை, அப்போது வயது நாற்பத்தெட்டு, கிறிஸ்துமஸ் விழா மேடையில் இருபத்துநான்கு ஆடுகளோடு சேர்ந்து முக்கால் மணி நேரம் நடனம் ஆடினார். ஆடிய வேகத்தில் கூரையிலிருந்து பதினேழு ஓடுகள் கழன்றன. சுவர்க் கடிகாரம் வெட்கப்பட்டு நின்றுவிட்டது. நான் கண்ணால் பார்த்தவன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முப்பத்தைந்து வருஷமாக இதைச் சொல்லி வருகிறேன். ஆரம்பத்தில் நாலு நிமிடம் என்றுதான் சொன்னேன். எனக்குத் தொப்பை விழுந்தது போல அதற்கும் விழுந்துவிட்டது. ஆனால் ஆடியது ஆடியதுதான். அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்களில் யாரைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள், ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவர், ஆடியவரேதான்.

நான் அந்தப் பள்ளியில் கிளார்க். ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு ஒரு டீச்சர், எல்லாருக்கும் மேலே தலைமையாசிரியை, எல்லாருக்கும் கீழே நான். பள்ளி எவ்வளவு சின்னது என்றால், ஐந்தாம் வகுப்பில் தும்மினால் ஒன்றாம் வகுப்பில் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை வேத வசனம் ஒப்பிக்க வேண்டும். வசனம் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் அன்று காலை சொல்லிவைத்தாற்போல் வயிற்றுவலி வரும். பதினொரு மணிக்கு, கடவுள் அருளால், ஒரே நேரத்தில் சரியாகிவிடும். புதன்கிழமை சிற்றாலய ஆராதனை. அதற்கு வெள்ளை ஷூ கட்டாயம். பிள்ளைகள் வாசலில் குந்திக்கொண்டு சாக்பீஸால் ஷூவை வெளுப்பார்கள், அதனால் புதன்கிழமை கரும்பலகைக்குச் சாக்பீஸ் இருக்காது. வியாழக்கிழமை பாட்டு. எங்கள் ஹார்மோனியத்தில் ஒரு கட்டை ஊமை. அந்தச் சுரம் வரும் இடத்தில் பள்ளி முழுக்க வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டது. இன்றைக்கும் எந்த ஆலயத்திலாவது பாட்டு நடுவே ஒரு ஆள் திடீரென்று விழுங்கினால், எங்கள் பள்ளிப் பிள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

டிசம்பர் பிறந்தால் என் அறை என்னுடையது இல்லை. பீரோக் கதவில் தேவதூதர் சிறகுகள் தொங்கும். ரப்பர் ஸ்டாம்ப் டப்பாவில் யோசேப்பின் தாடி கிடக்கும். பசை, பட்டுக் காகிதம், ஸ்டென்சில் மை மூன்றும் கலந்த அந்த வாசனையை இப்போது யாராவது பாட்டிலில் அடைத்துக் கொடுத்தால், வீட்டுக்காரி திட்டினாலும் பரவாயில்லை, சட்டையில் பூசிக்கொண்டு திரிவேன்.

தலைமையாசிரியையை எல்லாரும் பெரிய டீச்சர் என்போம். அவருக்கு ஒரு வார்த்தைக்கு மேல் பேசுவது வீண் செலவு. "நில்." "உட்கார்." "எழுது." அவர் ஜெபம் பண்ணும்போது கடவுளே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் என்பது என் கணிப்பு.

அந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தார். இருபத்துமூன்று வயது. சின்ன டீச்சர். அப்பா இல்லாத வீடு. இரண்டு தங்கைகளின் படிப்பு இவர் சம்பளத்தில் தொங்கியது. வேலையோ தற்காலிகம். ஜனவரியில் நிர்வாகக் குழு கூடி நிரந்தரமாக்க வேண்டும். குழுவின் செயலாளர் ஒரு பல் டாக்டர். ஊரில் எல்லார் வாயையும் திறக்க வைப்பவர், குழுவில் எல்லார் வாயையும் மூட வைப்பவர். பள்ளி மேடையில் ஆட்டம் கூடாது என்று தீர்மானம் போட்டவரும் அவர்தான். முந்தின வருஷம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் தேவதூதர்களை ஒரே ஒரு சுற்றுச் சுற்ற வைத்தார்; வேலை போய்விட்டது. அந்தக் காலி இடத்துக்குத்தான் சின்ன டீச்சர் வந்தார். இடம் ஏன் காலியானது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இனி என் திருவிளையாடல். விழாவில் யாருக்கு என்ன வேலை என்று பெரிய டீச்சர் சொல்ல, நான் நகலெடுக்க ஸ்டென்சிலில் டைப் அடித்தேன். ஒரே ஒரு ஸ்டென்சில் தாள்தான் மிச்சம். சுருக்கி அடித்தேன்:

மூன்றாம் வகுப்பு – மேய்ப்பர்.
ஐந்தாம் வகுப்பு – பாட்டு.
ஒன்றாம் வகுப்பு – ஆடு.

செம்மறியாடு என்று முழுசாக அடித்திருக்கலாம். இடம் பார்த்தேன். சின்ன டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். நில், உட்கார் என்று பேசுகிற பெரிய டீச்சர், 'ஆடு' என்று உத்தரவு போட்டதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அன்றே வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

பெரிய டீச்சர் விசாரிக்காமலா இருந்தார்? தாழ்வாரத்தில் என் காதுபடவே நடந்தது.

"ஆடு ரெடியா?"

"ரெடி டீச்சர்."

"முட்டி போடுவாங்களா?"

"கடைசியில போடுறாங்க டீச்சர்."

"போதும். சின்னப் பிள்ளைங்க. துணி?"

"வெள்ளை டீச்சர்."

"பஞ்சு ஆபீஸ்ல இருக்கு. வாங்கிக்கோ."

பஞ்சு எதற்கு என்று கேட்க சின்ன டீச்சருக்குப் பயம். ஒரு ராத்தல் பஞ்சை வாங்கிப் போய், பிள்ளைகளின் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வளையம் வளையமாகக் கட்டிவிட்டார்.

விழா அன்று மண்டபம் நிரம்பிவிட்டது. ஐயாயிரம் பேர். சரி, இருநூறு. முதல் வரிசையில் பல் டாக்டர், மடியில் நோட்டு. பக்கத்தில் பெரிய டீச்சர். மேடை ஓரத்தில் திரைக் கயிறோடு நான், எனக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு சின்ன டீச்சர். மூன்றாம் வகுப்பு மேய்ப்பர்கள் கோலோடு வந்து நின்றார்கள். ஐந்தாம் வகுப்பு பாட ஆரம்பித்தது. ஒன்றாம் வகுப்பு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இரண்டு இரண்டு பேராகக் குதித்து வந்தது.

"டீச்சர், ஆடு எங்க?" என்றேன்.

"இதோ ஆடுறாங்களே சார்."

"ஆடுறாங்க, சரி. ஆடு எங்க?"

சின்ன டீச்சர் என்னைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். பிள்ளைகளின் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார்.

"சார்... ஆடுன்னா... 'மே'ன்னு கத்துற ஆடா?"

"அதேதான் டீச்சர்."

"நாலு காலா?"

"நாலு கால்."

போன வருஷத்துக் கதையை அப்போதுதான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். "என் தங்கச்சிங்க..." என்றார். திரையை இழுத்து மூடிவிடலாம் என்று கயிற்றைப் பிடித்தேன். சிக்கிக்கொண்டது. கீழே பல் டாக்டர் எழுந்தேவிட்டார்.

"என்ன டீச்சர் இது? ஆட்டமா?"

பெரிய டீச்சர் ஒரு நொடி மேடை ஓரத்தில் சின்ன டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் விறுவிறுவென்று படியேறினார். ஒரு மேய்ப்பன் கையிலிருந்த கோலைப் பிடுங்கினார். ஆடுகளுக்கு நடுவில் போய் நின்றார். இருபது வருஷமாக முழங்கையை உடம்பிலிருந்து பிரிக்காத அம்மா, இடுப்பில் ஒரு கையை வைத்தார். காலை எடுத்து வைத்தார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிறகு ஒரு குதி! பிள்ளைகள் முதலில் பயந்து நின்றார்கள். "ஆடு!" என்றார், ஒரே வார்த்தை. அவ்வளவுதான், இருபத்துநான்கும் துள்ளியது பாருங்கள், மேடைப் பலகை தம்பூரா போல அதிர்ந்தது. ஊமைக் கட்டை வந்த இடத்தில் பாட்டு நின்றது. அந்த மௌனத்தில் எல்லாக் காலும் ஒன்றாகத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கடைசியில் எல்லாரும் முட்டி போட்டார்கள், பெரிய டீச்சர் உட்பட. மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது.

பல் டாக்டர் தட்டவில்லை. நேராக ஆபீஸுக்கு வந்தார். நானும் சின்ன டீச்சரும் கதவோரம் நின்றோம்.

"மேடையில ஆட்டம் நடந்ததா இல்லையா?"

பெரிய டீச்சர் நான் அடித்த தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "ஒன்றாம் வகுப்பு, ஆடு. எழுதியிருக்கறதுதான் நடந்தது."

"ரெண்டு கால்ல குதிக்கிற ஆடா?"

"சின்ன ஆடு. குதிக்கும்."

"சரி. நீங்க மேல போய் என்ன பண்ணீங்க?"

"மேய்ச்சேன்."

"டீச்சர், என் கண்ணால பார்த்தேன்!"

"அப்ப எழுதுங்க. என் பேரை முதல்ல எழுதுங்க. ஆட்டைப் பிடிச்சுட்டு மேய்க்கிறவளை விடக் கூடாது."

பல் டாக்டரின் இரண்டு மகன்களுக்கும் எழுத்து அறிவித்தவர் பெரிய டீச்சர். டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். என்னதான் எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். 'ஆடுகள் நன்று.'

ஜனவரியில் சின்ன டீச்சர் நிரந்தரமானார். அன்று பெரிய டீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "நான் ஆடல. புரியுதா?" என்றார். அன்றிலிருந்து அதே பேச்சுத்தான். நான் எந்தக் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் கதையை எடுத்தாலும், "கிளார்க்குக்குக் கண்ணு சரியில்ல, கண்ணாடி மாத்தச் சொல்லுங்க" என்பார். அவர் ஓய்வு பெற்றார், நான் ஓய்வு பெற்றேன், பல் டாக்டர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அப்போதும் ஆடல என்றால் ஆடலதான்.

போன மாதம் சின்ன டீச்சருக்குப் பிரிவு உபசார விழா. அதே மண்டபம். பெரிய டீச்சருக்கு இப்போது எண்பத்துமூன்று. கைத்தடியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் வேறு எதைப் பேசுவேன்? பதினேழு ஓடு கழன்ற இடத்துக்கு வந்திருப்பேன், கைத்தடி தரையில் தட்டியது.

"தம்பி. நிறுத்து."

நிறுத்தினேன். மண்டபமும் நிறுத்தியது. அவர் மெல்ல எழுந்து, மாலையோடு உட்கார்ந்திருந்த சின்ன டீச்சரைப் பார்த்தார்.

"உன் பேப்பர்ல எல்லாக் கையெழுத்தும் ஆயிடுச்சா?"

"நேத்தே ஆயிடுச்சு டீச்சர்."

"பென்ஷன்?"

"அந்த உத்தரவும் கைக்கு வந்துடுச்சு டீச்சர்."

"இனிமே எந்தக் குழுவும் பழசைத் தோண்டி எடுத்து உன்னை வீட்டுக்கு அனுப்ப முடியாதில்ல?"

"நானே வீட்டுக்குத்தானே டீச்சர் போறேன்," என்றார் சின்ன டீச்சர், சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும்.

பெரிய டீச்சர் தலையை ஆட்டினார். கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப சரி. ஆடினேன்."