தூங்கவிடாத வண்டி

நாராயண்காட்டிலிருந்து காட்மாண்டுக்கு ஓடும் மின்சார வேன் அது. கத்தாரில் மச்சான் சம்பாதித்து அனுப்பியதில் என் அக்கா இந்திரகலா வாங்கினாள். ஓட்டுவது நான். "தீர்த்தா, இது உன் வண்டின்னு நெனச்சு ஓட்டுடா" என்று அவள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட மடையனும் நான்தான்.

தசைன் பண்டிகை முடிந்ததிலிருந்து வண்டி சண்டித்தனம் செய்தது. காலையில் பயணிகள் மூட்டை முடிச்சோடு நிற்பார்கள். சாவியை அழுத்தினால் கதவுகூடத் திறக்காது. சக்கரத்தை ஓட்டும் பெரிய பேட்டரி முக்கால்வாசிக்கு மேல் நிறைந்துதான் இருக்கும். ஆனால் கதவு, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் முன்னால் இருக்கும் சின்ன பேட்டரியின் தயவில்தான் ஓடுகின்றன. அது படுத்துவிட்டால் பெரியது இருந்தும் பிரயோசனமில்லை. டீசல் வண்டியாவது தள்ளிவிட்டால் கிளம்பும், உன் வண்டிக்கு மாலை போட்டு உட்காரவைக்க வேண்டியதுதான் என்று ஒரு கிழவர் நக்கலடித்தார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். ராத்திரி வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு தூங்குகிறேனாம். அம்மா மேல் சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை.

"பொய் சொல்லாதடா. இன்னொரு தடவை படுத்துச்சுன்னா வேற டிரைவரப் பாத்துக்கறேன்."

ஸ்பீக்கர் போட்டிருந்தேன். பயணிகள் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. மானம் போயிற்று.

அன்று பக்கத்து வண்டியிலிருந்து வயர் இழுத்துக் கிளப்பி, வழியில் மலேகுவில் சார்ஜுக்கு நிறுத்தினேன். பயணிகள் பொரித்த மீன் சாப்பிடப் போனார்கள். அங்கே வயரிங் வேலை பார்க்கும் புத்திராமிடம் புலம்பினேன். வண்டி ஓடும்போதும் சார்ஜ் ஏறும்போதும் பெரிய பேட்டரிதான் ஒரு பெட்டி வழியாகச் சின்னதுக்குத் தீனி போடும். வண்டி நின்றால் அந்தப் பெட்டியும் தூங்கும், கம்ப்யூட்டர்களும் தூங்கும், அதனால் சின்னது வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் என்றான். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுத் துழாவி, கறுப்பு டேப் சுற்றிய, தீப்பெட்டி அளவு சாமான் ஒன்றைப் பிடுங்கினான்.

"வண்டி எங்க நிக்குதுன்னு யாரோ போன்ல பாத்துக்கிட்டே இருக்காங்கண்ணே. பாக்கறப்பெல்லாம் மொத்த வண்டியும் முழிச்சுக்குது. ராவெல்லாம் தட்டித் தட்டி எழுப்பினா மனுஷனே படுத்துருவான்."

டேப்பின் மேல் சிவப்பாக ஒரு விரல் ரேகை. குங்குமம்.

தசைன் நவமியன்று வண்டிக்குப் பூஜை போட்டிருந்தோம். கையெல்லாம் குங்குமமாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா, இன்னொரு தேங்காய் வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினாள். நானும் துள்ளிக்கொண்டு போனேன். அவளே எழுப்பியிருக்கிறாள், அவளே வண்டியைப் படுக்கவைத்திருக்கிறாள், பழி மட்டும் என் தலையில். தான் பார்ப்பதால்தான் பேட்டரி இறங்குகிறது என்பது அவளுக்குத் தெரியாது, சரி. என்னைச் சந்தேகப்பட்டது தெரிந்துதானே?

மலேகுவில் நின்றதற்கு மறுநாள் பாய் டீக்கா. தீபாவளியை ஒட்டிச் சகோதரிகள் சகோதரர்களுக்குத் திலகமிடும் நாள். எமன் நெருங்காதிருக்க அக்கா என்னைச் சுற்றி எண்ணெயால் வட்டம் போட்டாள். என் எதிரிகளின் தலை என்று சொல்லி வாசலில் அக்ரூட்டை உடைத்தாள். நெற்றியில் ஏழு வர்ணத் திலகம், கழுத்தில் வாடாமல்லி மாலை. தம்பிக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று முணுமுணுத்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்து நான் பரிசு வைக்க வேண்டும். வருஷா வருஷம் புடவை வைப்பேன். இந்த முறை வண்டிச் சாவியையும், பக்கத்திலேயே அந்தத் தீப்பெட்டிச் சாமானையும் அவள் தட்டில் வைத்தேன்.

அக்கா அந்தச் சாமானை எடுத்துப் புரட்டினாள்.

"எல்லா மொதலாளியும் வைக்கிறதுதான்டா" என்றாள்.

"மொதலாளிங்க வைக்கட்டும். நான் உன்னை அக்கான்னுல்ல நெனச்சேன்."

அவள் போட்ட எண்ணெய் வட்டத்தைத் தாண்டி எழுந்து வந்துவிட்டேன்.