குடோனில் இருக்கு

"இருக்கே, குடோன்ல இருக்கு!" என்று என் வீட்டுக்காரர் கடைக்குள்ளிருந்து குரலை உயர்த்தியபோது நான் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் எனக்கானது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேச அவ்வளவு சத்தம் வேண்டியதில்லை. "முக்கால் இஞ்ச் பித்தளை டாப், நீளக் கழுத்துக் குழாய். ஒண்ணு போதும்ல அண்ணே? உக்காருங்க, குடோன்லேர்ந்து இப்ப வந்துடும்" என்று சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விழுகிற மாதிரி ஒப்பித்தார். நான் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகச் சந்தில் இறங்கினேன்.

எங்களுக்குக் குடோன் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எங்கள் தெருவில் கடைகள் வரிசையாக இருந்தன. எங்களுடையது ஹார்டுவேர், ஒட்டினாற்போல் எலெக்ட்ரிக்கல், அப்புறம் பெயிண்ட், கண்ணாடி, கடைசியில் பூட்டு சாவி. வந்தவர் கேட்ட பொருள் கடையில் இல்லையென்றால் யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. "குடோன்ல இருக்கு, ஒரு நிமிஷம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியே அடுத்த கடைக்குள் நுழைவார்கள். ஒருவருக்கொருவர் குடோன். சாயங்காலம் டீ குடிக்கும்போது பேசி நேர்செய்துகொள்வார்கள். 'இல்லைங்கிற வார்த்தையைக் கேட்டா வந்த கால் திரும்பிடும், திரும்பின கால் மறுபடி இந்தப் படி ஏறாது' என்பது என் வீட்டுக்காரரின் வேதவாக்கு. கல்யாணமான புதிதில் ஒருநாள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த நான் யாரிடமோ "இல்லீங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. வீட்டில் சோறு இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அந்த மனிதர் சிரித்திருப்பார்.

பிறகு மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய கடை வந்தது. ஆணி முதல் ஆளுயரக் கண்ணாடி வரை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, கார் நிறுத்த மைதானம் மாதிரி இடம். திறப்பு விழாவுக்குப் பலூன் கட்டியபோது எங்கள் தெருக்காரர்கள், புது மாடு குளம்பில் தண்ணி குடிக்கும், எல்லாம் நாலு நாளைக்குத்தான் என்று கேலி பேசினார்கள். பேசியவர்கள் ஒவ்வொருவராக ஷட்டரை இறக்கினார்கள். ஒவ்வொரு ஷட்டர் இறங்கும்போதும் எங்களுக்கு ஒரு குடோன் குறைந்தது. கடைசியில் ஒருநாள், கடையில் யாரோ சுவர் ஆணி கேட்டு உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரர் உள்ளே வந்து என் முகத்தைப் பார்க்காமல், "நீ போய் அங்க ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துடேன்" என்றார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். எங்களை அடித்த கடையே எங்களுக்குக் குடோனும் ஆயிற்று.

அங்கே வாங்கிய விலைக்கே இங்கே விற்பதில் என்ன வியாபாரம் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டு ஓய்ந்துவிட்டேன். அவருக்கு வியாபாரம் முக்கியமல்ல, 'இல்லை' என்ற அந்த வார்த்தை வெளியே வரக் கூடாது. நான் போகும்போதெல்லாம் பில் போடும் பெண் போன் நம்பர் கேட்டுக் கேட்டு என் கணக்கில் பாயிண்ட் ஏற்றினாள். அந்தக் கடையின் சிறந்த வாடிக்கையாளர்களில் ஒருத்தி என்று எனக்கு ஒரு குடைகூடப் பரிசாகக் கிடைத்தது, அவர்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு. அடைமழையில் அந்தக் குடை உள்ளே தொங்க, வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்துகொண்டு சந்து வழியே சுற்றிப் போய் முன்பக்க ஷட்டரைத் தூக்குவார். வரும் வழியில் அந்தக் கடையின் விலை ஸ்டிக்கரைச் சுரண்டுவதற்கென்றே வலது கட்டைவிரல் நகத்தை நான் வெட்டாமல் விட்டிருந்தேன். சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தவர் 'அவசரம்'. ஊரில் பாதிக் குழாய்களை மாட்டியவர் அவர். வாயைத் திறந்தால் அவசரம் அவசரம் என்பார், உட்கார்ந்தால் டீ ஆறும்வரை எழுந்திருக்க மாட்டார், அதனால் அந்தப் பெயர். அவர் எந்த வீட்டில் வேலை எடுத்தாலும் சாமான்களை எங்கள் கடையில்தான் வாங்கச் சொல்லுவார். மற்ற வாடிக்கையாளர்கள் எறும்பு கலைவதுபோல் கலைந்த பிறகு கடை திறந்திருந்தது அவர் ஒருவரால். அவர் நின்றுபோனால் மறுநாளே ஷட்டர். இதை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை, ஆனால் அவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டால் வீட்டுக்காரர் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்த்து நிற்பதுபோல் நிற்பார். "அந்தாளு இதுவரைக்கும் அந்தக் கடைக்குள்ள கால் வெச்சதில்ல. ஒரு தடவ நுழைஞ்சாரு, முடிஞ்சுது" என்று ஒருநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பெரிய கடைக்குள் நுழைந்ததும் அந்தக் குளிர் வழக்கம்போல் முகத்தில் அறைந்தது. நான் ஓட்டமும் நடையுமாகக் குழாய்ப் பகுதிக்குப் போனேன். பளபளவென்று வெள்ளிக் குழாய்கள், பிளாஸ்டிக் குழாய்கள், கை நீட்டினால் தானே கொட்டும் குழாய்கள். எல்லாம் அரை இஞ்ச். முக்கால் இஞ்சையும் காணோம், பித்தளையையும் காணோம். மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று பார்த்துக்கொண்டே போனபோது போன் அடித்தது. "என்னம்மா, குடோன்ல கிடைச்சுதா?" என்றார் வீட்டுக்காரர், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் குரலில். "தேடிட்டிருக்கேன்" என்றேன். "மெதுவா பாரு, மேல் அடுக்குல வெச்ச ஞாபகம்" என்றார். இல்லாத குடோனில் இல்லாத அடுக்கு! எரிச்சல் வந்தது. ஆனால் அவர் குரலின் அடியில் இருந்த நடுக்கம் எனக்கு மட்டும் தெரியும், அதைக் கேட்ட பிறகு எரிச்சலும் தங்கவில்லை.

"என்னம்மா, குடோனைச் சுத்திப் பாக்க வந்தியா?" என்று பின்னால் ஒரு குரல். திரும்பினால் பல்பு அண்ணன். எங்களுக்கு அடுத்திருந்த எலெக்ட்ரிக்கல் கடைக்காரர். கடையை மூடியபின் இங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதற்காக வீட்டுக்காரர் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். போயும் போயும் அங்கேயா போனான் என்று ஆத்திரப்பட்டவர், அதே வாயால் என்னை அங்கே அனுப்புவார். அதையும் கேட்காதீர்கள். பல்பு அண்ணன் தொளதொளவென்று மஞ்சள் கோட்டு போட்டிருந்தார். முன்பு எப்போதும் காதில் இருக்கும் பென்சிலைக் காணோம்.

"அண்ணே, முக்கால் இஞ்ச் பித்தளை டாப் ஒண்ணு. நீளக் கழுத்து. சீக்கிரம், ஆளு உக்காந்திருக்கு."

"இல்லம்மா" என்றார்.

அவ்வளவு சுலபமாகச் சொன்னார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை வருடம் அடுத்தடுத்துக் கடை வைத்திருந்தோம், அவர் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதே இல்லை. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும்.

"மொத வாரம் எனக்கும் வாய் வரலம்மா. யாராவது கேட்டா, 'ஒரு நிமிஷம்'னுட்டுப் பின்னாடி போய் சும்மா நின்னுட்டு வருவேன். சூப்பர்வைசர் பையன் பாத்துட்டு, எதுக்கு சார் அங்க போய் சுவத்தப் பாக்குறீங்கன்னான்." சிரித்தார். "இப்பப் பழகிடுச்சு. இங்க இல்லன்னு சொன்னா யாரும் கோவிச்சுக்கறதில்ல. அடுத்த ரேக்குக்குப் போயிடுறாங்க. நிம்மதியா இருக்கும்மா, நிஜமா சொல்றேன். ராத்திரி படுத்தா தூக்கம் வருது."

"வேற எங்கயாவது கிடைக்குமா அண்ணே?"

"அதெல்லாம் இப்ப யாரும்மா விக்குறா? பழைய கட்டடத்துல மாட்டினது தான்." கொஞ்சம் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவசரம் தானே கேட்டாரு?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையில கடை தொறந்ததும் இங்க வந்து கேட்டாரு. இல்லன்னேன். வேற சாமானெல்லாம் வாங்கிக்கிட்டு, சரி, பழைய கடையில பாக்குறேன்னுட்டுப் போனாரு."

"வேற சாமானா?"

"பைப்பு, எல்போ, எல்லாம் தான். ரொம்ப நாளா இங்க தானம்மா. உனக்குத் தெரியாதா?"

எதற்குப் பயந்து நான் இத்தனை மாதம் ஓடினேனோ அது எப்போதோ நடந்து முடிந்திருந்தது. இங்கே கிடைக்காததற்கு மட்டும்தான் அவர் எங்களிடம் வந்துகொண்டிருக்கிறார். அதுவும் இல்லை என்று இன்றைக்குச் சொன்னால், இனி அவர் எங்கள் தெருவுக்கு வரக் காரணமே கிடையாது. வாசலில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. மெயின் ரோட்டைக் கடக்கும்போது ஒரு வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். நான் வெறும் துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினேன்.

பின்வாசலில் நுழைந்ததும் கடைப் பேச்சு கேட்டது. வீட்டுக்காரர் நேரத்தைக் கடத்துவதற்கென்றே வைத்திருக்கும் கதையை, எங்கள் கல்யாணத்தன்று ஜெனரேட்டர் படுத்துக்கொண்ட கதையை, ஜவ்வாக இழுத்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் சொன்னார்: "யார் போனாலும் நீங்க போகல பாருங்க அண்ணே. அந்தக் கடைப் பக்கம் ஒரு தடவ எட்டிக்கூடப் பாத்ததில்ல நீங்க. அத நான் மறக்க மாட்டேன்."

அவசரம், "அட, அதெல்லாம் என்ன பேச்சு" என்றார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. "கிடைக்கலன்னா பரவால்ல, நான் கிளம்புறேன். அவசரம்."

"வந்துடும் அண்ணே, வந்துடும்."

நான் நேரே போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இல்லை. இரண்டெழுத்து, மூன்றெழுத்து, எத்தனையோ எழுத்து, சொன்னால் தீர்ந்தது. பல்பு அண்ணன் சொல்கிறார், எனக்கென்ன? அப்போதுதான் பாதி அலசிய துணி வாளியில் கிடப்பதும், அதன்மேல் குழாய் சொட்டிக்கொண்டிருப்பதும் கண்ணில் பட்டது. முக்கால் இஞ்ச். பித்தளை. நீளக் கழுத்து. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் வீட்டுக்காரர் தன் கையால் மாட்டியது.

தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடினேன். மூலையில் கிடந்த பெரிய ரெஞ்சை எடுத்துப் பிடித்துத் தொங்கினேன். முதலில் அசையவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. கடையில் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது, எழுந்துவிட்டார். இன்னொரு முறை மூச்சைப் பிடித்து அழுத்தினேன். கிறீச்சென்று திரும்பியது. பைப்பில் மிச்சமிருந்த தண்ணீர் என் பாதத்தில் கொட்டியது. குழாய் போன ஓட்டையில் ஒரு துணியை அடைத்தேன். மரையில் ஒட்டியிருந்த பழைய வெள்ளை டேப்பைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். எலுமிச்சை மூடியும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்த்தேன். ரெஞ்சுப் பல் பதிந்த இடத்தைத் தவிர மற்றதெல்லாம் பளிச்சென்று வந்தது. காலி டப்பா ஒன்றைத் தட்டிலிருந்து உருவி அதற்குள் வைத்தேன். இதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று மனசு அடித்துக்கொண்டது.

கடைக்குள் போய் டப்பாவைக் கவுண்டர்மேல் வைத்தேன். "மேல் அடுக்குல தான் இருந்துச்சு" என்றேன்.

வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. "நான் சொல்லல?" என்று டப்பாவைப் பிரித்தார். குழாயைப் பார்த்தார். தான் மாட்டிய குழாயை ஒரு மனிதனுக்குத் தெரியாதா? மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அடுத்து என் ஈரக் காலைப் பார்த்தார். குழாயை எடுத்து அவசரத்திடம் நீட்டினார்.

அவசரம் அதை வாங்கிக் கையில் எடை பார்த்தார். மரையை விரலால் ஒருமுறை தடவினார். அந்த விரல்கள் ஊரில் பாதிக் குழாய்களைத் திருகிய விரல்கள், புதுசு எது பழசு எது என்று இருட்டில்கூடச் சொல்லும். வாய்ப்பக்கத்தைக் கீழே சாய்த்தார். அதன் மூக்கு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, கொஞ்ச நேரம் தொங்கி, கவுண்டர் கண்ணாடியில் விழுந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். வீட்டுக்காரர் சட்டென்று உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடினார்.

அவசரம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார். வண்டியின் முன்னால் ஒரு பை தொங்கியது, எழுத்து தெரியாதபடி உள்பக்கம் வெளியே திருப்பப்பட்ட பை. அவர் குழாயை மெதுவாகச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார்.

"நல்ல டாப்பு" என்றார். இந்த ஒன்றோடு கிளம்ப மனசு கேட்காதவர்போல் மறுபடி வாயைத் திறந்தார். "அந்த வீட்டுல இன்னொரு குழாயும் போயிடுச்சு. இதே மாதிரி இன்னொண்ணு இருக்குமா?"

எங்கள் சமையலறையில் ஒன்று இருந்தது. அதுதான் வீட்டில் மிச்சமிருந்த ஒரே குழாய். வேண்டாம் என்று நான் தலையசைக்க நினைத்தேன், வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றும், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளிடம் பேசுவதுபோல் குரலை உயர்த்தினார்.

"இருக்கே! குடோன்ல இருக்கு."

கண்ணாடிமேல் வைத்த கையை அவர் இன்னும் எடுக்கவில்லை. அதன் ஓரத்தில் தண்ணீர் மெல்லக் கசிந்து வந்தது.