வீடு பார்க்க வந்தவர்கள்

"வீட்ட எழுதித் தர ஏலா மாமி. உறுதிப் பத்திரம் உம்மாட பேர்லயே இரிக்கட்டும்."

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் சீதன வீட்டுக் கதையை எடுக்கவே கூடாது என்று உம்மா காலையிலிருந்து மூன்று தரம் சொல்லியிருந்தாள். மணப்பெண் ஸம்றாவே எடுத்துவிட்டாள். மாப்பிள்ளையின் தாய் சபியா உம்மா, வட்டிலப்பக் கரண்டியை வாயிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

பெண்ணை அவர்கள் பார்த்தது இரண்டு நிமிடம். வீட்டைப் பார்த்தது ஒரு மணித்தியாலம்.

சுனாமிக்குப் பிறகு கிடைத்த இரண்டறை வீடு. வாப்பாவைக் கடல் கொண்டுபோனதால் உம்மாவின் பெயரில் கிடைத்தது. இவ்வளவு நாளும் அது வீடே இல்லை, தகரக் கூரை போட்ட அடுப்பு. வெயிலென்றால் உம்மா தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு முருங்கை நிழலுக்கு ஓடுவாள். மாரியென்றால் பாயைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடுவாள். மூச்சிழுப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்கு.

போன மாதம்தான் வசதி குறைந்த வீடுகளைத் திருத்தும் திட்டத்தில் ஆட்கள் வந்தார்கள். தகரத்துக்கு வெள்ளை அடித்து, கீழே சீலிங் போட்டு, ஒழுகும் இடுக்கெல்லாம் அடைத்து, உயரத்தில் காற்றுக்கு வழி வைத்தார்கள். இப்போது நடுப்பகலிலும் உம்மா உள்ளேயே இருந்து தைக்கிறாள். இழுப்பு எட்டியும் பார்க்கவில்லை. ஊசி கேட்கும் சாட்டில் வரும், அதே ஒழுங்கையில் குடியிருக்கும் அயல்பெண்கள் தரையில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

மாப்பிள்ளையின் வாப்பா அபுல் ஹஸன் சீலிங்கை அண்ணாந்து பார்த்தபடியே பாயில் சாய்ந்தவர், இப்போது குறட்டை.

"எங்கட றினாஸுக்கு வீடில்லாமப் பொண்ணா?" சபியா உம்மா கரண்டியை எடுத்தாள். "ஒங்கட உம்மாக்குப் பின்னுக்குச் சமைக்கிற குசினி இரிக்கிதானே. நாலு தகரம் கூடப் போட்டாக் காணும்."

"அந்தத் தகரத்துக்குக் கீழ ஒரு பகல் இரிந்து பாருங்க மாமி. பொறகு கதைப்பம்."

"கெம்பஸுல இதான் படிப்பிச்சாங்களா?"

"பொண்ணுக்கு மஹர்ப் பணம் குடுக்கிறது மாப்பிள்ளதான் எண்டு மதரஸாலயே படிப்பிச்சாங்க. நீங்க அண்டைக்கு வரல்லயாக்கும்."

"புள்ள, வாய மூடு! எனக்குக் குசினி போதும்," என்று உம்மா பதறினாள். பதறிய வாயிலேயே சிரிப்பும் வந்துவிட்டது, முக்காட்டால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அப்ப இந்தச் சம்பந்தமே வேணாம்!" என்றாள் சபியா உம்மா. சொன்னவள் எழும்பவில்லை. வாசலில் வெயில் கொதித்தது. "இவரும் படுத்திட்டாரு. வெயில் தாழட்டும்," என்று சுவரோடு நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"ஓம் மாமி, ஆறுதலா இரிங்க. உம்மா, இன்னுமொரு துண்டு வட்டிலப்பம் குடுங்க." ஸம்றா அபாயாவை மாட்டினாள்.

"எங்க மகள் போறாய், இவங்கள விட்டுட்டு?"

"அடுத்த ஒழுங்கையிலயும் வீடு திருத்துறத்துக்குப் பதியிறாங்க. பேரெழுத ஆள் கேட்டாங்க, காலையிலயே ஓமெண்டுட்டன். பொம்புளைட சீதனமா வந்த வீட்டுக்கும் புருசன்ட பேரச் சொல்லுவாங்க. நான் பொம்புளைட பேரத்தான் எழுதுவன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு சுடுமணலில் இறங்கி நடந்தாள்.