பதினேழாம் இடத்து ஏசி

1

இந்தக் கதையை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இரண்டிலும் நான் நல்லவனாக இருந்தேன். கருகிய ஒரு பிளக்கிலிருந்து கதை பிறந்தது என்றுதான் இரண்டும் தொடங்கின. இல்லை. நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது.

பெயர் ஆரின். ஒக்லஹோமாவில் ஓர் ஏரிக்கரை முகாமில் மின்சார வேலைகளைப் பார்க்கிறேன். காரில் கட்டி இழுத்துவரும் வீடு போன்ற கேம்பர் வண்டிகளில் வந்து தங்குபவர்கள் கூப்பிட்டால் போவேன். ஏசி ஓடத் தொடங்கியதும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். குளிர் வெளியே போய்விடுமல்லவா.

2

தொடக்கம்: ‘ஆகஸ்ட் வெயிலில் ஒரு கிழவி—’

வேண்டாம். வெர்னாவுக்கு அறுபத்தெட்டு வயதுதான். கிழவி என்றால் கையில் கிடைத்ததை எறிவார். நெப்ராஸ்காவிலிருந்து தன் வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு தனியாக வந்து, முகாமின் பதினேழாம் இடத்தில் நிறுத்தியிருந்தவர்.

“மூணு மணி ஆனா ஏசி பொட்டுனு நின்னுடுதுப்பா. காலைல நல்லாத்தான் ஓடுது. அதுக்கும் மதியத் தூக்கம் கேக்குது போல.”

வெளியே நூற்று நான்கு டிகிரி. மீட்டரை வைத்துப் பார்த்தேன். மதியத்தில் எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடும், வோல்டேஜ் இறங்கும், இறங்கினால் ஏசி அதிகக் கரண்ட் இழுக்கும், பிரேக்கர் விழும். ஆனால் அது பாதிதான். அவர் வண்டியை முகாம் மின்சாரத்தோடு இணைக்கும் பிளக்கில் ஒரு முனை கருகியிருந்தது. புதிது மாட்ட அரை மணி நேரம் போதும். புதுப் பிளக் என் டிரக்கிலேயே கிடந்தது.

“என்ன கோளாறு?”

“இன்னும் பிடிபடலைங்க. நாளைக்கும் வந்து பாக்கணும்.”

முனையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வந்தேன்.

3

ஏன் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குச் சற்று முன்புதான் உருளைக்கிழங்கு சாலட்டை என் முன்னால் வைத்து, “சாப்பிட்டுட்டுப் போ, யாரு துரத்துறா?” என்று அவரும் எதிரே உட்கார்ந்தார். மனைவி பிரிந்துபோன ஆறு வருடங்களில் மேசைக்கு எதிர்ப்பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்து, நான்—

[முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.]

நான்கு நாட்கள் போனேன். நாலு மணிக்கு.

“உன்ன மாதிரி மோசமான மெக்கானிக்க நான் பாத்ததே இல்ல. பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல” என்று சிரித்தார்.

* ஒருவேளை அவருக்கும் தெரிந்திருந்ததோ? அப்படியானால் என் குற்றம் பாதியாகிவிடும். அதனாலேயே இந்த எண்ணத்தை நான் நம்புவதில்லை.

4

ஐந்தாம் நாள் தண்ணீர் பம்புக்குச் சாமான் வாங்க நகரத்துக்குப் போனேன். இரண்டு மணிக்குப் பிளக் உருகி ஏசி நின்றுவிட்டது. பக்கத்து வண்டிக்காரர், “எங்ககிட்ட வந்து உக்காருங்க, ஜில்லுனு இருக்கு” என்று கூப்பிட்டிருக்கிறார்.

“ஆரின் நாலு மணிக்கு வந்துடுவான். நான் இல்லைன்னா திரும்பிப் போயிடுவான்” என்றாராம் வெர்னா.

ஐந்தரைக்கு வந்தேன். தரையில் கிடந்தார். தோல் கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஈரத் துண்டுகளைப் போர்த்திவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன்.

பிழைத்துக்கொண்டார். மகள் ட்ரூடி வண்டியை இழுத்துப்போக வருவதற்குள் புதுப் பிளக்கை மாட்டினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. [கிழித்த வரைவுகளில் இந்த வரி இல்லை.]

ட்ரூடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தினமும் வந்து பாத்தீங்களாமே. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.”

5

இன்று காலை வெர்னா தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது.

“இங்க ட்ரூடி வீட்டுக்கு வந்ததுலேர்ந்து வண்டி ஏசி ஒரு தடவைகூட நிக்கலப்பா. அங்க என்னதான் கோளாறு?”

ஒரு முடிவு: உண்மையைச் சொல்கிறேன். அவர் போனை வைத்துவிடுகிறார். அப்புறம் வேலைக்கல்லாமல் என்னைக் கூப்பிட யாருமில்லை.

இன்னொரு முடிவு: பழியை வோல்டேஜின் மேல் போடுகிறேன். அடுத்த கோடையில் மறுபடி வந்து, என் முன்னால் தட்டை வைக்கிறார். எப்படி விழுங்குவேன்?

அவர் சிரித்து மன்னிப்பதாக ஒன்று எழுதலாம். அதை எழுத வேண்டியவர் அவர்.

நடந்தது இவ்வளவுதான்: “கொஞ்சம் இருங்க, யாரோ கதவத் தட்டுறாங்க” என்று சொல்லிப் போனை மேசையில் வைத்தேன். யாரும் தட்டவில்லை. அந்தப் பக்கம் அவர் பாத்திரம் கழுவுவது கேட்கிறது. எடுத்ததும் நான் சொல்லவேண்டிய முதல் வார்த்தையை நீங்களே எழுதுங்கள். சீக்கிரம். தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.