அன்பரசியின் கேள்விப் பக்கம்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற யூனிட் ஒன்றில் அச்சு வேலை பார்க்கும் அன்பரசி, முப்பத்தெட்டு வயதுவரை வேளாங்கண்ணிக்கும் சென்னைக்கும் அப்பால் எங்கேயும் போனதில்லை. அவள் இணையத்தில் சொந்தமாகப் பயணத்தளம் ஒன்று தொடங்கியிருக்கிறாள் என்றதும் தெருவில் பாதிப்பேர் நம்பவில்லை. மீதிப்பேர் டிராவல்ஸ் வைத்திருக்கிறாள் என்று நினைத்து ஏற்காட்டுக்கு வேன் கேட்டார்கள்.

எல்லாம் ஒரு தவளையால் வந்தது. யூனிட் முதலாளி கொளஞ்சியப்பன், வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்த பீங்கான் தவளை ஒன்றை அவள் மேசைமேல் வைத்து, "இதுமாதிரி ஒண்ணு பண்ண முடியுதா பாரும்மா" என்றார். எடுத்துப் புரட்டினாள். அச்சில் மண்கூழ் ஊற்றிச் செய்கிற பொம்மை எதுவானாலும், அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒரு கோடு விழும். ஈரத்திலேயே சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்கிவிடலாம். ஆனாலும் சூளையில் வெந்து வெளியே வரும்போது அந்தக் கோடு மங்கலாக எட்டிப்பார்க்கும். பதினான்கு வருஷமாக அவள் கண்டது அதுதான். இந்தத் தவளையில் கோடே இல்லை. வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். நகத்தால் தடவினாள். முதலாளியிடம் கேட்டு வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள்.

ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டிவிட்டுச் சாப்பிட வந்த அவள் புருஷன் ஜெயராஜ், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தவளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். "என்னா, இதுக்கும் சோறு போடணுமா?"

"இத எப்படிங்க செஞ்சிருப்பாங்க?"

"அத செஞ்சவங்களத்தான் கேக்கணும்."

சும்மா சொன்ன வார்த்தைதான். அவளோ அதைப் பிடித்துக்கொண்டாள். செய்தவர்களைக் கேட்பது என்றால் எங்கே போய்க் கேட்பது? தவளையின் அடியில் ஊர்ப் பெயர்கூட இல்லை. உலகத்தில் இந்த வேலை நடக்கிற ஊர்கள் எவை எவை என்று செல்போனில் தேட ஆரம்பித்தாள். வியட்நாம், போர்ச்சுகல், ஜப்பான், துருக்கி, மெக்சிகோ. ஒவ்வோர் ஊரிலும் தன்னைப்போல ஒருத்தி கையெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கவே அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

பாலக்கரைப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சௌந்தர்யாவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"டூர் சைட்டுன்னா போயிட்டு வந்த எடத்தப் போடுவாங்கக்கா. நீங்க எங்க போயிருக்கீங்க?"

"எங்கியும் இல்ல. போகாத எடத்தப் போட்டா தப்பா?"

"போட்டு?"

"கேள்வி கேக்கப்போறேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம். பதில் சொல்றவங்க ஊருக்குப் போகணும். சும்மா சுத்திப் பாத்துட்டு வர்றதுக்கு இல்ல. அங்க ஒரு பட்டறையில ஒக்காந்து கொஞ்ச நாளு வேலை செய்யணும். வேலை செஞ்சாத்தான் எனக்கு ஒரு ஊரு வெளங்கும்."

சௌந்தர்யா சிரித்தாள். ஆனால் அவளுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து தளத்தை எழுப்பினார்கள். பேர், 'போறதுக்கு முன்னாடி'. தமிழில் அன்பரசி எழுதினாள். சௌந்தர்யா அதை ஆங்கிலத்தில் போட்டாள். உங்கள் ஊர் மண் காயும்போது எவ்வளவு சுருங்கும்? சூளையைப் பெண்கள் அடுக்குவார்களா? ஓர் அச்சு எத்தனை பொம்மைக்கு உழைக்கும்? மதியம் என்ன சாப்பிடுவீர்கள்? கோடு திரும்ப வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

இரண்டு மாதம் ஒரு பதிலும் இல்லை. முடி வளர்க்கிற எண்ணெய் விளம்பரம் மட்டும் மூன்று முறை வந்தது. அன்பரசி மனசு தளரவில்லை. கேள்விகளைக் கூட்டிக்கொண்டே போனாள்.

மூன்றாம் மாதம் வியட்நாம் பக்கத்தில் ஒருத்தி எழுதினாள். பேர் லான். ஹனோய்க்குப் பக்கத்து கிராமம் ஒன்றில் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறாளாம். எல்லாக் கேள்விக்கும் வரிசையாகப் பதில் சொல்லியிருந்தாள். மதியம் சோறும் மீனும். சூளையை அவளே அடுக்குவாள். கோட்டைப் பற்றி மட்டும், 'அதைக் கையில் காட்டினால்தான் புரியும்' என்று எழுதிவிட்டு, கடைசியில் தன் சந்தேகத்தையும் போட்டிருந்தாள். அவள் வார்க்கிற வாத்து, அச்சைத் திறக்கும்போதெல்லாம் அலகு பிய்ந்துபோகிறது. என்ன செய்யலாம்?

அன்பரசிக்கு அந்தக் கேள்வியே பெரிய மரியாதையாகத் தோன்றியது. அலகுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு சின்னத் துண்டு அச்சு சேர்த்து, அதை முதலில் உருவிவிட்டு மற்றதைத் திறக்கிற விதத்தை வீடியோ எடுத்து அனுப்பினாள். நாலு நாளில் முழு அலகோடு ஒரு வாத்தின் படம் வந்தது. கூடவே அழைப்பு. ஜனவரியில் மூன்று வாரம் வந்து எங்களோடு வேலை செய்யுங்கள், தங்க இடமும் சாப்பாடும் நாங்கள் தருகிறோம்.

"சுற்றுலா விசாவில் வந்தால் போதும், எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்" என்று லான் எழுதியிருந்ததை ஜெயராஜ் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். அவன் முகம் மாறிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அவன் மங்கலம்பேட்டை ஏஜெண்டு ஒருத்தர் மூலம் குவைத் போனவன். டிரைவர் வேலை என்று சொல்லி, விசாவில் வேறு வேலை எழுதி அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதத்தில் பிடிபட்டுத் திரும்பினான்.

"நீ போறதுக்கு நான் குறுக்க நிக்கல அன்பு. ஆனா விசாவுல என்னா எழுதியிருக்குதோ, அங்க நீ அதுதான். ஒருத்தன் வந்து கேட்டா உன் கையில பதில் இருக்கணும்."

"எல்லாரும் போறாங்கன்னு அந்தம்மா சொல்லுதே."

"என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க."

அன்பரசி இரண்டு நாள் யோசித்தாள். ஆசை ஒரு பக்கம் இழுத்தது. ஆனால் இத்தனை கேள்வி கேட்டவள், இந்த ஒன்றை மட்டும் கேட்காமல் விழுங்கிவிட அவளுக்கு மனசு வரவில்லை. 'நான் வேலை செய்ய வருகிறேன் என்று காகிதத்தில் இருக்க வேண்டும். அதற்கு வழி உண்டா?' என்று எழுதினாள்.

மூன்று வாரம் பதில் இல்லை. கோபித்துக்கொண்டாள் போல என்று சௌந்தர்யா சொன்னாள். அன்பரசியும் வியட்நாம் பக்கத்தைத் திறப்பதை விட்டுவிட்டு, துருக்கிக்குக் கேள்வி எழுத உட்கார்ந்தாள். அப்போதுதான் லானின் கடிதம் வந்தது. அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை; யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைந்திருக்கிறாள். கடைசியில் அவர்கள் கிராமத்துப் பட்டறைகளின் சங்கம், குறுகிய காலப் பயிற்சிக்கு என்று தன் பேரில் அழைப்பு எழுதி, அதற்குண்டான விசாவுக்கு விண்ணப்பிக்க ஒத்துக்கொண்டதாம். பாஸ்போர்ட் நகலை அனுப்பச் சொல்லியிருந்தாள்.

பாஸ்போர்ட்டே இல்லை! கடலூருக்கு இரண்டு நடை நடந்து வாங்கினாள். விசா வந்த அன்று ஜெயராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சௌந்தர்யாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டான். பிறகு, "ம். போயிட்டு வா" என்றான். கொளஞ்சியப்பன் லீவு கொடுத்தார். தவளை சமாச்சாரத்தைத் தனக்கும் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஹனோயில் இறங்கியதும் குளிர் எலும்பில் இறங்கியது. வியட்நாமில் குளிருமா என்று அவள் யாரையும் கேட்டிருக்கவில்லை. கூட்டிப்போக வந்திருந்த லான் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள். செல்போனில் ஒருத்தி பேச, அது மொழிபெயர்த்துச் சொல்ல, இன்னொருத்தி சிரிக்க, அப்படியே பட்டறை வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் காலை லான் ஒரு நாய்க்குட்டிப் பொம்மையைக் கையில் எடுத்தாள். கோட்டைச் சுரண்டினாள், துடைத்தாள். அதுவரை அன்பரசிக்குத் தெரிந்ததுதான். அப்புறம் வழவழவென்று தேய்ந்த எலும்புத் துண்டு ஒன்றை எடுத்து, கோடு இருந்த இடத்தை அமுக்கி அமுக்கி நீவினாள். மேலே இருக்கும் மண் உள்ளே இறுகும்வரை. எவ்வளவு அழுத்தம் என்பதுதான் விஷயம். லான் அவள் கைமேல் தன் கையை வைத்து அமுக்கிக் காட்டினாள். அதை எப்படி எழுதியிருக்க முடியும்?

பதிலுக்குத் தன் வித்தையைக் காட்ட அன்பரசி மூன்று துண்டு அச்சுக்கு பிளாஸ்டர் கரைத்து ஊற்றினாள். விருத்தாசலத்தில் டேங்கு தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பு. இருபது நிமிஷத்தில் கல்லாகிவிடும். அந்தக் கணக்கில் இங்கேயும் திறந்தாள். ஊறிய பிஸ்கட் மாதிரி அச்சு கையோடு பிய்ந்து வந்தது. பட்டறையில் இருந்த ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லான் வாளித் தண்ணீரில் விரலை விட்டு, உடம்பை உதறிக் காட்டினாள். அப்போதுதான் புரிந்தது, சில்லென்ற தண்ணீரில் பிளாஸ்டர் தூங்குகிறது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மறுபடி ஊற்றிவிட்டு, ஒரு மணி நேரம் திறக்கவே கூடாது என்று முடிவாயிற்று. அதுவரை என்ன செய்வது? லான் ஸ்கூட்டரில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனாள். பனியில் அக்கரை தெரியவில்லை. சரக்குப் படகு ஒன்றிலிருந்து இரண்டு பெண்கள் சாம்பல் நிற மண்ணைக் கூடை கூடையாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த மண் எங்கிருந்து வருகிறது? தோண்டுகிறவர்கள் யார்? லானுக்குத் தெரியவில்லை. தோளைக் குலுக்கினாள்.

அன்பரசி செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு, லான் கூப்பிடக் கூப்பிட, வழுக்குகிற படிகளில் படகைப் பார்த்து இறங்கினாள்.